நாப்பத்தோரு பழனியம்மா

யுவராணி, தூங்கிட்டியா? தூங்காத புள்ள. செத்த இங்கிட்டுத் தள்ளிப் படு. லைட்டப் போடாத, அம்மா முழிச்சுக்கும்.

நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் பத்தாங்கிளாஸ் பரிட்சை. தமிழ் மொதத் தாளு. படிச்சுட்டேன். பயம் அதுக்கில்ல. ஹால் டிக்கெட்டும் வந்துருச்சு. புஸ்தகத்துக்குள்ள வச்சிருக்கேன், நாலு தடவ எந்திரிச்சு இருக்கான்னு பாத்துட்டேன். ஆனா அது எப்படிக் கெடைச்சுச்சுன்னு நெனச்சாத்தான் பயமா இருக்கு. நீ வத்தலக்குண்டுல இருந்து கடைசி பஸ்ஸுக்கு வந்ததால உனக்கு ஒண்ணும் தெரியாது. சொல்றேன். சிரிக்கக்கூடாது. உங்கம்மா, எங்க அத்தைகிட்டயும் சொல்லக்கூடாது. சத்தியமா?

பொங்கல் முடிஞ்ச வாரம் எங்க தெரு நாயி என்னையக் கடிச்சுச்சு. அது மேல தப்பு இல்ல. நூல் கண்டு கெடக்குன்னு நெனச்சு அது வாலை மிதிச்சது நான்தான். கணுக்கால்ல ரெண்டே ரெண்டு பல்லு. அதுக்கே அப்பா என்னைய டவுன் பஸ்ஸுல ஏத்தி, திண்டுக்கல்லுல ராவ்பகதூர் சிங்காரவேலு தர்ம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. அங்க வைத்தியம் இனாமு. தர்மம் பாதி, கவுருமெண்டு மானியம் பாதி.

நாய்க்கடின்னா தெரியும்ல, தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி. ஒரு நாளைக்கு ஒண்ணு. ஜெயமேரி அக்கான்னு ஒரு நர்ஸு. ஒரு ரோஸ் கலர் அட்டை குடுத்துச்சு. ஊசி போட்டதும் செவப்பு மையில ஒரு டிக்கு. அழுவாம இருந்தா டிக்குக்குப் பக்கத்துல ஒரு பூ. ஆறு நாள்ல எனக்கு ஆறு டிக்கு, ரெண்டு பூ. சுங்குடிச் சேலைக்கு நாளெல்லாம் ஆயிரக்கணக்குல முடிச்சுப் போடுறவ நானு. எண்ணிக்கை எனக்குத் தப்பாது. ஆறுன்னா ஆறு.

அங்கிட்டு ஸ்கூல்ல எட்மாஸ்டரம்மா, கமர்ஜஹான் டீச்சரு, என்னைய வாசல்லயே நிறுத்திட்டாங்க. "பழனியம்மா, உன் மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லம்மா. ஆனா நீ யாரையாவது கடிச்சுட்டா நான் இல்ல பொறுப்பு? ஊசி முழுசாப் போட்டாச்சுன்னு ஆஸ்பத்திரி சர்டிபிகேட் கொண்டா. அதுவரைக்கும் ஜன்னலுக்கு வெளிய உக்காந்து பாடத்தைக் கேளு. ஹால் டிக்கெட்டும் சர்டிபிகேட்டைப் பாத்துத்தான் குடுப்பேன்"னுட்டாங்க. சரி, பதினாலு நாளுதான, ஓடிப்போயிரும்னு நானும் ஜன்னலுக்கு வெளிய ஸ்டூலப் போட்டு உக்காந்துட்டேன்.

ஏழாவது நாளு ஆஸ்பத்திரிக்குப் போனா வாசல்ல வாழமரம் கட்டியிருக்கு, மேளம் அடிக்கிறாங்க. யாருக்கோ கல்யாணம்னு நெனச்சேன். கம்ப்யூட்டர் வந்துருச்சாம்.

இனிமே நோயாளிக வெவரம் எல்லாம் அதுலதான் இருக்குமாம். அட்டை, நோட்டு, ரிஜிஸ்டர் ஒண்ணும் கெடையாதாம். மொத நாளே எல்லாருகிட்டயும் அட்டைய வாங்கி, முப்பது வருஷத்து நோட்டையும் சேத்துக் கட்டி, பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போட்டுட்டாங்க. அந்தக் காசுலதான் கம்ப்யூட்டருக்கு ரோஜா மாலை. ஒரு வாரத்துக்கு பஸ் ஸ்டாண்டுல எங்க கடலை வாங்குனாலும் பொட்டலத்துல யாருக்காவது மூல வியாதி இருந்துச்சு.

ஆஸ்பத்திரி சூப்பிரண்டு பொன்னுத்துரை சார மேடையில பாக்கணும் நீ. மைக்கைப் புடிச்சா விடமாட்டாரு. "பெரியோர்களே! போன வருஷம் இந்த ஆஸ்பத்திரியில எழுபதாயிரம் பேருக்கு வைத்தியம் பாத்தோம். என்ன பிரயோஜனம்? அதுல ஒருத்தரோட பாட்டி ஊரு எதுன்னு நமக்குத் தெரியுமா? தெரியாது! குணமாகிப் போயிட்டாங்க, அம்புட்டுத்தான்! இனிமே அந்த அவல நிலை இருக்காது. இனிமே ஒருத்தரு இந்த ஆஸ்பத்திரிக்குள்ள வந்துட்டா, அவரைப் பத்தி நூத்திப் பன்னெண்டு வெவரம் நம்ம கையில இருக்கும். அவரு இருக்காரோ இல்லையோ, வெவரம் இருக்கும்!"

எல்லாரும் கை தட்டுனாங்க. அப்பாவும் தட்டுனாரு. நானும் தட்டுனேன். தப்புப் பண்ணிட்டேன்.

மெஷின வச்சிருந்த ரூம் முன்னாடி மருந்து ரூமு. இப்பக் கண்ணாடிக் கதவு, செவப்புக் கம்பளம், சொவத்துல ஏசி. பஞ்சுக்கும் கட்டுத் துணிக்கும் ஒதுக்குன காசுலதான் கதவு போட்டாங்களாம், ஜெயமேரி அக்கா சொல்லுச்சு. காயத்தோட வர்றவங்ககிட்ட, "வீட்ல பழைய வேட்டி இருந்தாக் கிழிச்சுக் கொண்டாங்க, கதவு நல்லா இருக்கான்னும் பாத்துட்டுப் போங்க"ன்னு சொல்லும்.

உள்ள ஈஸ்வர்னு ஒரு அண்ணன். மதுரையில மூணு மாசம் படிச்சுட்டு வந்தவரு, வேலை இன்னும் நிரந்தரம் ஆகல. செருப்பக் கழட்டி, கால் கழுவி, தலையில துண்டு கட்டி அவரு முன்னாடி உக்காரணும். அவரு ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடித் தட்டுவாரு. நூத்திப் பன்னெண்டு கேள்வி. பொறந்தப்ப என்ன எடை, பாட்டி ஊரு எது, கல்யாணம் ஆயிருச்சா, எத்தனை புள்ளைக. ஒண்ண விட்டாலும் மெஷின் ஒத்துக்காது. கடிச்ச நாயோட தொழில் என்னன்னு ஒரு கேள்வி. அப்பா ரொம்ப யோசிச்சுட்டு, "சும்மாதான் இருக்கு தம்பி, வேலை தேடுதுன்னு போட்டுக்குங்க"ன்னாரு.

காலைல எட்டு மணிக்கு உக்காந்தா சாயங்காலம் நாலு மணி ஆயிரும். ஒரு நாளைக்கு ஒரு ஆளுதான். அதனால மத்த நோயாளிக ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. கன்னிவாடியில இருந்து ஒருத்தரு அருவா வெட்டுக் காயத்தோட வந்தாரு. நாப்பதாவது கேள்வியில ரத்தம் தானா நின்னுருச்சு. "அப்ப நான் வாரேன் தம்பி"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. குணமானவர்னு சூப்பிரண்டு தன் கையாலயே எழுதிக்கிட்டாரு.

எனக்கு வேற வழி இல்ல. எனக்கு சர்டிபிகேட் வேணும். அதனால நான் மட்டும் போனேன்.

மொத நாளு நூத்திப் பன்னெண்டும் முடிஞ்சு, நூத்திப் பதிமூணாவதா மெஷினே பச்சை எழுத்துல, 'பழனியம்மாள், வயது 15, முதல் ஊசி'ன்னு காட்டுச்சு.

"அண்ணே, ஏழாவது ஊசிண்ணே."

"மெஷினுக்கு இன்னிக்குத்தானம்மா உன்னையத் தெரியும். அதுக்கு இது முதல் ஊசி."

"அப்ப நாளைக்கு ரெண்டாவதா?"

"ஆமா."

சரி, ஆறு ஊசி போனாப் போகுதுன்னு மனசத் தேத்திக்கிட்டேன். மறுநாள் போய் உக்காந்தேன். "பேரு?"ன்னாரு.

"என்னண்ணே, நேத்துத்தான் சொன்னேன்."

ஈஸ்வர் அண்ணன் மூஞ்சி வெளுத்துப் போச்சு. மெஷினுக்கு நேத்து நடந்தது ஒண்ணும் நெனப்பு இல்ல. திரும்ப நூத்திப் பன்னெண்டு. சாயங்காலம் நாலு மணிக்கு, 'பழனியம்மாள், வயது 15, முதல் ஊசி.' மூணாவது நாளும் அதே. நாலாவது நாளும் அதே. பாட்டி ஊரச் சொல்லிச் சொல்லி எனக்கே அந்த ஊரு வெறுத்துப் போச்சு.

ஏன் மறக்குதுன்னு நான் அஞ்சாவது நாளே கண்டுபுடிச்சுட்டேன். தினம் காலைல சூப்பிரண்டு வந்து, மெஷினுக்கு சூடம் காட்டிட்டு, பிளாப்பின்னு ஒண்ணு இருக்கு, கருப்பு அப்பளம் மாதிரி சதுரமா இருக்கும், நாம சொல்றதெல்லாம் அதுலதான் பதியுமாம், அதை எடுத்துச் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பாரு. அதுல ஒரு நீள ஓட்டை இருக்கு, உள்ள இருக்கிற தகடு அது வழியாத் தெரியும். கரெக்டா அந்த ஓட்டையிலதான் வைப்பாரு. ஈரச் சந்தனம். மூணு விரல்ல.

"சார், அந்த இடத்துல விரல் படக்கூடாதுன்னு மதுரையில சொன்னாங்க"ன்னு ஈஸ்வர் அண்ணன் ஒரே ஒரு தடவ சொன்னாரு.

"ஏன் தம்பி, பின்ன எதுக்கு அந்த ஓட்டைய விட்டிருக்கான்? பொட்டு வைக்கத்தான். வெள்ளைக்காரனே நம்ம சம்பிரதாயம் தெரிஞ்சு எடம் விட்டுக் குடுத்திருக்கான், நீ வேணாங்கிற. வேலை நிரந்தரம் ஆகணுமா இல்லையா?"

ஈஸ்வர் அண்ணன் அதுக்கப்புறம் ஓட்டையத் தொடச்சுக்கூடப் பாக்கல. தொடச்சா அபசகுனம்னு மெமோ குடுத்துட்டாங்க.

பொட்டுதான் காரணம்னு யாரும் சொல்லக்கூடாதுல்ல, அதனால வேற காரணம் தேட வேண்டியதாப் போச்சு. மதுரை இஞ்சினியரு வாராவாரம் வருவாரு. மொத வாரம் சூடுன்னாரு, ரெண்டாவது ஏசி வந்துச்சு. அடுத்த வாரம் கரண்டு ஏறி இறங்குதுன்னாரு, ஆள் உசரத்துக்கு ஒரு ஸ்டெபிலைசர் வந்துச்சு. அப்புறம் தூசின்னாரு, கண்ணாடிக் கதவுக்கு வெளிய இன்னொரு கண்ணாடிக் கதவு. அப்புறம் ஜெனரேட்டரு, ஜெனரேட்டருக்கு டீசலு, டீசலுக்கு வாட்ச்மேன், வாட்ச்மேனுக்கு வெயிலுக்குக் கொடை. ஊசி மருந்து வச்சிருந்த பிரிட்ஜ்க்கு பிளக் இல்லாமப் போச்சு. ஜெயமேரி அக்கா மருந்த ஒரு மூடி போட்ட சம்படத்துல போட்டுக் கம்ப்யூட்டர் ரூம்ல ஏசிக்கு அடியில வச்சுச்சு. அதையும் வெளிய எடுக்கச் சொல்லிட்டாங்க. வியாதிக்காரங்க மருந்து பக்கத்துல இருந்தா மெஷினுக்கு ஒட்டிக்கிடுமாம். அக்கா சம்படத்தை மண்பானைத் தண்ணிக்குள்ள முக்கி வச்சுக்கிச்சு.

ஊசி என்ன ஆச்சுன்னு கேக்குறியா? பதினாலு ஊசியும் போட்டாச்சு புள்ள. முன்னாடி ஆறு, மெஷின் வந்தப்புறம் எட்டு. நான் எண்ணுனேன், அக்காவும் எண்ணுச்சு. பதினஞ்சாவது நாளும் 'முதல் ஊசி'ன்னு மெஷின்ல இருந்து பேப்பர் வந்தப்ப, அக்கா கதவைச் சாத்துச்சு.

"ஏ பழனி, இனிமே உன் ஒடம்புல குத்தமாட்டேன். பாவம் புடிச்சுக்கிடும். ஆனா ஊசி போட்டாச்சுன்னு நான் கையெழுத்துப் போடணும். போடலைன்னா என் சீட்டைக் கிழிச்சுருவானுக. என்ன செய்யலாம்?"

அங்க ஒரு கட்டில், கட்டில் மேல ஒரு தலகாணி. அக்கா காலி ஊசிய எடுத்துத் தலகாணியில ஒரு குத்து.

"கத்துடி"ன்னுச்சு.

நான் "அய்யோ அம்மா"ன்னு கத்துனேன். வெளிய சூப்பிரண்டு சந்தோசமாத் தலையாட்டிக்கிட்டுப் போனாரு.

அப்படி முப்பத்தி மூணு நாளு. அந்தத் தலகாணிய இனிமே எந்த வெறிநாயி கடிச்சாலும் ஒண்ணும் ஆகாது.

எனக்குச் சிரிப்பு வரல யுவராணி. பரிட்சை கிட்ட வந்துக்கிட்டே இருந்துச்சு. ஆஸ்பத்திரி முடிஞ்சு ஓடிவந்து, சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ ஜன்னல்ல எட்டிப் பாத்துப் பாத்துக் கழுத்து ஒரு பக்கமாத் திரும்பிப் போச்சு. எல்லாரும் ஹால் டிக்கெட்டுக்கு போட்டோ ஒட்டுறாளுக, நான் வெளிய நிக்கிறேன். பரிட்சை எழுதலைன்னா தறிக்குழிதான், அப்புறம் வர்ற மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டணும். அப்பாகிட்ட அழுதேன்.

அப்பாவுக்கு ஒரு யோசனை வந்துச்சு. நாயி வெறிநாயா இருந்தா பத்து நாள்ல செத்துருக்கணும். இது ஒரு மாசமாத் தெருவுல வாலாட்டிக்கிட்டுத் திரியுது. நாயவே கொண்டுபோய்க் காட்டிட்டா முடிஞ்சுச்சுல்ல? கயித்தைக் கட்டி, டவுன் பஸ்ஸுல ஏத்திட்டாரு. கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் போட்டாரு. நாயி ஜன்னல் சீட்டுல உக்காந்து காந்திகிராமத்த வேடிக்கை பாத்துக்கிட்டு வந்துச்சு.

"அய்யா, இந்தா நாயி. உசுரோட இருக்கு பாருங்க"ன்னாரு அப்பா.

சூப்பிரண்டு நாயைப் பாக்கவே இல்ல. "என்னய்யா குருசாமி, வெவரம் இல்லாத ஆளா இருக்க. உசுரோட இருக்குன்னு யாரு சொன்னா?"

"கண்ணு முன்னாடி நிக்குதுங்கய்யா."

"அது உன் சொந்த அபிப்பிராயம். நாயும் தன்னைப் பத்தி அப்படி நெனச்சுக்கலாம். மெஷின் சொல்லணும்ல? உள்ள கூட்டிட்டுப் போய்ப் பதிஞ்சுட்டு வா."

நாயிக்குக் கால் கழுவி விட்டு, தலையில துண்டு கட்டி, உள்ள உக்கார வச்சோம். பேரு இல்லைன்னதுக்கு ஈஸ்வர் அண்ணன் 'திரு. நாய்'ன்னு அடிச்சாரு. பதினேழாவது கேள்வி வரைக்கும் மரியாதையாத்தான் இருந்துச்சு. பதினெட்டாவது கேள்வி, பொண்டாட்டி பேரு. அதுக்கு என்ன கோவமோ, எந்திரிச்சுப் போய் ஸ்டெபிலைசர் மேல காலத் தூக்கிருச்சு. டப்புன்னு ஒரு சத்தம். ஒரே பொகை. நாயி ரோட்டுல ஓடுது, தலையில துண்டோட.

மறுநாளு ரெண்டு ஸ்டெபிலைசர் வாங்கிட்டாங்க. ஒண்ணு மெஷினுக்கு. இன்னொண்ணு நாயிக்காம், மறுபடி வந்தா அதுல போகட்டும்னு கதவுக்குப் பக்கத்துல வச்சிருக்காங்க.

இனிமேதான்டி பயமே.

தினம் சாயங்காலம் பேப்பர் வருதுல்ல, ரெண்டு பக்கமும் ஓட்டை போட்ட நீளப் பேப்பரு. 'இன்று புதிய நோயாளி ஒருவர். பழனியம்மாள், வயது 15, சின்னாளபட்டி, நாய்க்கடி, முதல் ஊசி.' அதையெல்லாம் சூப்பிரண்டு பத்திரமா அடுக்கி வச்சு, எண்ணி, மெட்ராஸுக்கு அனுப்பிருக்காரு. மெட்ராஸுல பாத்திருக்காங்க. ஒரே ஊரு, ஒரே தெரு, ஒரே வயசு, நாப்பத்தோரு பழனியம்மாள நாயி கடிச்சிருக்கு. ஆபீஸே ஆடிப் போச்சாம். இம்புட்டுப் பெரிய கொள்ளை நோய ஒரு மெஷின் தனியா எப்படிச் சமாளிக்கும்னு, இன்னொரு கம்ப்யூட்டருக்கு அஞ்சு லட்சம் ஒதுக்கிட்டாங்க. ஆனா குடுக்குறதுக்கு முன்னாடி ஆபீசர் ஒருத்தரு நேர்ல வந்து நாப்பத்தோரு பேரையும் பாக்கணுமாம்.

சூப்பிரண்டு எங்களக் கூப்புட்டு விட்டாரு. மொதத் தடவையா உக்காரச் சொன்னாரு.

"இங்க பாரும்மா பழனியம்மா. ஆஸ்பத்திரி மானம் உன் கையில இருக்கு. நாளைக்கு நீ நாப்பத்தோரு தடவ வரணும்."

"ஒரே ஆளுன்னு தெரிஞ்சுரும் சார்."

"சேலைய மாத்திக்க. சின்னாளபட்டிக்காரிக்குச் சேலைக்கா பஞ்சம்?" அப்புறம் குரலக் கொறச்சுக்கிட்டாரு. "உண்மையச் சொல்றேன் குருசாமி. இந்த மெஷினுக்குள்ள இருக்கிறது உன் மக ஒருத்திதான். அவளையும் குணமாக்கி அனுப்பிட்டா உள்ள யாரு இருக்கா? காலி மெஷினுக்கு யாரு மானியம் குடுப்பா? வியாதி போறது பெருசில்லய்யா, வெவரம் போயிரக்கூடாது. நாளைக்கு மட்டும் ஒத்துழைங்க, சர்டிபிகேட்டை நானே கையில குடுக்குறேன்."

அப்பா என்னைப் பாத்தாரு. நான் சரின்னுட்டேன். வேற என்ன செய்ய?

தெருவெல்லாம் கேட்டு வாங்கி நாப்பத்தோரு சுங்குடிச் சேலைய மூட்டை கட்டிக்கிட்டுப் போனோம். ஆபீசர் பேரு அப்துல் கையூமு. கண்ணாடி போட்டவரு, முன்னாடி பேப்பர்க் கட்டு. இந்தக் கதவு வழியாப் போய், "பழனியம்மா சார்"னு சொல்லி, அந்தக் கதவு வழியா வெளிய வரணும். வெளிய ஜெயமேரி அக்கா அடுத்த சேலையோட ரெடியா நிக்கும். கண்டுபுடிச்சுட்டா ஜெயிலுதான். ஏழாவது தடவ முந்தானைய இடுப்புல சொருகவும் மறந்துட்டேன். எட்டாவது தடவ ஏழாவது சேலையவே கட்டிக்கிட்டு ஓடிட்டேன். பதினொண்ணுல ஒரு கால்ல மட்டும் செருப்பு.

பன்னெண்டாவது தடவ அவரு கையத் தூக்குனாரு. எனக்கு உசுரு போயிருச்சு.

"போதும்மா"ன்னாரு. நிமிந்துகூடப் பாக்கல. மொதல்ல இருந்தே பாக்கல. "ஆளுகளப் பாத்துக்கிட்டு இருந்தாப் பேப்பரை எப்பப் பாக்குறது?"

பாத்தாரு. ஒரு மணி நேரம் பாத்தாரு. அப்புறம் கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு.

"மிஸ்டர் பொன்னுத்துரை, நாப்பத்தோரு பேருக்கும் முதல் ஊசி போட்டிருக்கு. ரெண்டாவது ஊசி ஒருத்தருக்குக்கூடப் போடலையே?"

"வரல சார்."

"ஏன் வரல?"

சூப்பிரண்டு குனிஞ்சு பேப்பர்க் கட்டைப் பொரட்டுனாரு.

"நாய்க்கடிக்கு முதல் ஊசி மட்டும் போட்டுட்டு, ரெண்டாவது ஊசிக்கு வரலைன்னா என்ன அர்த்தம்?" ஆபீசரு ரொம்ப நிதானமாச் சொன்னாரு. "செத்துட்டாங்கன்னு அர்த்தம்."

அப்பா பதறிப் போயிட்டாரு. "அய்யா! அய்யா! இந்தா நிக்கிறாய்யா எம்மக!"

"இவங்க எத்தனையாவது பழனியம்மா?"

"ஒண்ணே ஒண்ணுதான்யா!"

"அப்ப மிச்சம் நாப்பது பேரு எங்க?"

அப்பா திரும்பி எனக்குப் பின்னாடி தேடிப் பாத்தாரு. உனக்குத் தெரியுமா? எனக்கும் தெரியல. அந்த நேரத்துல எனக்கே, அய்யோ, அந்த நாப்பது புள்ளைகளும் எங்க போச்சோன்னு அழுகை வந்துருச்சு.

"ஒரு உயிர் போனா அது அலட்சியம்"னு ஆபீசர் சொன்னாரு. "நாப்பத்தோரு உயிர் போனா அது ஆதாரம். இம்புட்டுப் பேரு எப்ப வந்தாங்க, பாட்டி ஊரு எது, எல்லாம் சுத்தமாப் பதிவாகியிருக்கு. பழைய நோட்டுக் காலமா இருந்தா இத்தனை பேரு செத்தது வெளிய தெரிஞ்சிருக்குமா? உங்க மெஷின் அருமையா வேலை செய்யுது. அஞ்சு லட்சம் பத்தாது. எட்டாப் போட்டுருக்கேன்."

சூப்பிரண்டுக்குக் கண்ணுல தண்ணி. ரெண்டு கையையும் எடுத்துக் கும்புட்டாரு.

ஒடனே நாப்பத்தோரு பேருக்கும் இறப்புச் சான்று அடிக்கச் சொல்லிட்டாங்க. அன்னிக்குத்தான் அந்த மெஷின் ஒரு வேலைய ஆரம்பிச்சு முடிச்சுச்சு. கிர்ர் கிர்ர்னு ராத்திரி ஏழு மணி வரைக்கும் அடிச்சுச்சு. சொன்ன வாக்குத் தவறல, சூப்பிரண்டு அவரே என்கிட்டக் கொண்டாந்தாரு.

"இதுல உன்னோடது எதும்மா?"

"எல்லாம் ஒண்ணு மாதிரியே இருக்கு சார்."

"அப்ப மேல இருக்கிறதை எடுத்துக்க. நல்லா அடிச்சிருக்கு."

மறுநாளு ஸ்கூலுக்குப் போனேன். வேற என்ன பேப்பர் இருக்கு என்கிட்ட? கமர்ஜஹான் டீச்சரு மூக்குக் கண்ணாடியப் போட்டு ரெண்டு தடவ படிச்சாங்க.

"என்னம்மா இது? நீ செத்துப் போயிட்டேன்னுல்ல போட்டிருக்கு?"

"கம்ப்யூட்டர்ல அடிச்சது டீச்சர்."

ஓரத்துல இருக்கிற ஓட்டையெல்லாம் தடவிப் பாத்தாங்க. "ஓ, கம்ப்யூட்டரா"ன்னாங்க. குரலே மாறிருச்சு. "நான் கேட்டது என்ன? உன்னால மத்த புள்ளைகளுக்கு ஆபத்து இருக்கக்கூடாது. அம்புட்டுத்தான். செத்த புள்ள யாரையும் கடிக்காது. சரியாத்தான் குடுத்திருக்காங்க." பீரோவத் தொறந்து ஹால் டிக்கெட்டை எடுத்து, சர்டிபிகேட்டையும் சேத்துக் கையில குடுத்துட்டாங்க. "நல்லா எழுதும்மா. பரிட்சை முடியிற வரைக்கும் இப்படியே இரு"ன்னாங்க.

இதுதான்டி நடந்துச்சு. சிரிக்காதன்னு சொன்னேன்ல? இன்னும் முடியல, கேளு.

இன்னிக்கு சாயங்காலம், நீ வர்றதுக்கு முன்னாடி, வாசல்ல ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் வந்து நின்னுச்சு. சூப்பிரண்டு எறங்குனாரு. கையில ஒரு பை நெறையச் சந்தனம்.

"பழனியம்மா, கிளம்பு கிளம்பு. புது மெஷின் வந்துருச்சு. நாளைக்குக் காலைல பத்து மணிக்குத் தொறப்பு விழா. மந்திரி வாராரு. மெஷின்ல பதிய ஒரு நோயாளி வேணும்ல? இப்பல்லாம் ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு ஈ காக்கா வரமாட்டேங்குது. ராத்திரியே வந்து படுத்துக்க, காலைல மொத ஆளா உக்காரணும்."

பத்து மணிக்கு எனக்குப் பரிட்சை புள்ள! ரெண்டு மாசம் ஜன்னலுக்கு வெளிய உக்காந்து படிச்சது. அம்மா கதவுக்குப் பின்னாடி நின்னு முந்தானையக் கடிச்சுக்கிட்டு அழுகுது. எனக்கு எங்க இருந்து அந்தத் தைரியம் வந்துச்சுன்னு தெரியல, உள்ள ஓடிப்போய் அந்த சர்டிபிகேட்டை எடுத்துட்டு வந்து நீட்டுனேன்.

"சார், நான்தான் செத்துட்டேனே."

சூப்பிரண்டு பேப்பரைப் பாத்தாரு. என்னையப் பாத்தாரு. திரும்பப் பேப்பரைப் பாத்தாரு. அவரு மூஞ்சியில ஒரு போராட்டமே நடந்துச்சு. நான் நிக்கிறேன், மூச்சு விடுறேன், கண்ணச் சிமிட்டுறேன். எல்லாம் அவரு கண்ணுக்குத் தெரியுது. ஆனா பேப்பர்ல ஓட்டை இருக்கு.

"ஆமால்ல"ன்னாரு. தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. "மறந்தே போயிட்டேன்மா. மன்னிச்சுக்க. நல்ல புள்ளையா இருந்த."

மெதுவா வாசல் வரைக்கும் போனாரு. அங்க நின்னு, திரும்பி, அப்பாவ மேலயும் கீழயும் ஒரு பார்வை பாத்தாரு.

"குருசாமி, உன்னைய எதுவும் கடிக்கலையா?"

எங்க அப்பா ஒரு அப்பாவி, உனக்குத்தான் தெரியுமே. வீடு தேடி வந்த மனுசரு, துக்கம் வேற விசாரிக்கிறாரு, வெறுங்கையோட எப்படி அனுப்புறதுன்னு மரியாதைக்கு யோசிச்சாரு. முழங்கையச் சொறிஞ்சுக்கிட்டே, "கொசுதாங்கய்யா"ன்னுட்டாரு.

ஆம்புலன்ஸோட பின்கதவைத் தொறந்துட்டாங்க யுவராணி. நாளைக்குப் பத்து மணிக்கு எனக்கு மொதத் தாளு, அப்பாவுக்கு முதல் ஊசி.